சூதாட்டத்துக்கு ஒரு தீர்மானம்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு திருவிழாவுக்கு, எங்கள் ஊரில் மூன்று நாள் சூதாட்டத்தைச் சட்டப்படி நடத்த வழிசெய்தவன் நான். சட்டப்படி என்பது அன்றைக்கு என் எண்ணம். சட்டத்தின் எண்ணம் வேறாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உச்சிப்புளியிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி, மிளகாயும் நெல்லும் மழையை நம்பி விளைகிற ஊர் எங்களுடையது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பஞ்சாயத்து மெம்பராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். எதிர்த்து நிற்க இருந்தவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். என்னைத் தவிர யாரும் மனுக் கொடுக்கவில்லை. ஆனாலும் பெரிய போட்டியில் ஜெயித்தவனைப் போலத்தான் நான் நடந்துகொண்டேன். மாமனார் சீராகக் கொடுத்த சைக்கிளில், எதிரே ஆள் இல்லாவிட்டாலும் மணியடித்துக்கொண்டு போவேன். தினமும் உச்சிப்புளி வரை மிதித்து, டீக்கடையில் பத்திரிகை வாசித்துவிட்டு வந்து, உலக விவகாரங்களை ஊரில் யாரும் கேட்காமலே சொல்வேன்.

பஞ்சாயத்துக்கு அப்போது இருந்த பெரிய தலைவலி ஊருணி. ஊர் மொத்தத்துக்கும் அதுதான் குடிதண்ணீர். பல வருஷமாகத் தூர் எடுக்காமல் மண் மேவி, மாசி பிறந்தாலே சேறாகிவிடும். கிணறு வெட்டினாலோ உப்புக் கரிக்கும். பெண்கள் இரண்டு மைல் நடந்து பக்கத்து ஊர் ஊருணியில் ஏச்சுப் பேச்சு வாங்கிக்கொண்டு குடம் நிறைத்து வருவார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க என்னிடம் சொன்னாள்:

"ஒங்க ஊருல மெம்பருன்னு ஒரு ஆளு இருக்காராமே, அவரு என்ன செய்யிறாருன்னு அந்த ஊருப் பொம்பளைக கேக்குறாக. நான் என்ன சொல்ல? சைக்கிள்ல போயி பேப்பரு படிக்கிறாருன்னா சொல்ல?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் ஊருணியை வெட்டப் பஞ்சாயத்தில் பணம் இல்லை. வீட்டு வரி கேட்டுப் போனால் "மழை பெய்யட்டும்" என்பார்கள். மழை பெய்தால் "அறுப்பு முடியட்டும்" என்பார்கள். அறுப்பு முடிந்தால் ஆளே வீட்டில் இருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் ஒரு செய்தியை வாசித்தேன். வெளிநாட்டில் ஏதோ ஓர் இடத்தில் சூதாட்ட விடுதிக்கு அரசாங்கமே அனுமதி கொடுத்து, வருகிற வரியில் ரோடு போட்டு, விளக்குப் போட்டு, ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்களாம். வாசித்தவுடன் என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அது வேலை செய்யத் தொடங்கினால் ஊரில் யாருக்கும் நல்லதில்லை என்று என் மனைவி பின்னாளில் சொல்வாள்.

எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் புரவி எடுக்கிற திருவிழா மூன்று நாள் நடக்கும். மண் குதிரைகளைத் தூக்கிவர நாலா பக்கத்திலிருந்தும் சனம் கூடும். புதுமடத்திலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் கருவாட்டுக் கடை, சாமான் கடை போட வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக லங்கர் கட்டை உருட்டுகிறவர்களும் வந்துவிடுவார்கள். தரையில் ஒரு துணியை விரிப்பார்கள். அதில் கிரீடம், நங்கூரம், இஸ்பேட் என்று ஆறு படங்கள் இருக்கும். பிடித்த படத்தில் காசு வைக்க வேண்டும். அதே ஆறு படங்கள் செதுக்கிய மூன்று கட்டைகளைத் தோல் குவளையில் போட்டுக் குலுக்கி உருட்டுவார்கள். நாம் வைத்த படம் விழுந்தால் காசு பெருகும், விழாவிட்டால் போச்சு. பனங்காட்டுக்குள் ஒளிந்து நடத்துவார்கள். போலீஸ் விசில் கேட்டால் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஆடுகிறவர்களும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். திருவிழாவில் அதுவும் ஒரு நிகழ்ச்சி போலத்தான்.

எப்படியும் நடக்கிறது. ஒளிந்து நடப்பதை வெளிச்சத்தில் நடத்தவிட்டு, அதில் ஒரு பங்கைப் பஞ்சாயத்து வாங்கினால் ஊருணி வெட்டிவிடலாமே! இதுதான் என் யோசனை.

கூட்டத்தில் நான் எழுந்து ஒரு மணி நேரம் பேசினேன். பஞ்சாயத்துத் தலைவர் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி, எனக்கு மாமா முறை. எந்த விஷயத்திலும் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரர். நான் பேசி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர், துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"ஏலே மாப்ளே, சூதாடுறது தப்புன்னுதான போலீசு வெரட்டுறான்?"

"மெட்ராசுல குதிர ஓடுது மாமா. அதுமேல பணம் கட்டுறாக. சர்க்காரு வரி வாங்கிக்கிறாக. குதிர ஓடுனா வருமானம், கட்ட உருண்டா குத்தமா?"

தலைவர் அசந்துவிட்டார். குதிரையைப் பற்றி அவருக்கு வேறு கேள்வி எதுவும் தோன்றவில்லை.

பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஓர் அக்கா மெம்பராக இருந்தார். புருஷன் இறந்த பிறகு மிளகாய்க் காட்டைத் தனியாளாகப் பார்த்து, யாவாரிகளிடம் தானே விலை பேசி விற்கிறவர். கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"எனக்கு இது பிடிக்கல. ஆனா ரெண்டு மைலு தண்ணி தூக்குறது அதவிடப் பிடிக்கல. ஒரு நிபந்தன போடுங்க, கைநாட்டு வச்சுருறேன். மெம்பர்மாரு ஒருத்தரும் ஆடப்படாது."

"இது என்னக்கா, இத எழுதி வேற வைக்கணுமா?" என்று நான் சிரித்தேன்.

"எழுதி வைங்க தம்பி."

எழுதினேன். தீர்மானத்துக்கு மொத்தம் ஒன்பது நிபந்தனைகள் போட்டேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரைதான் ஆட்டம். ஒரு தடவைக்கு நாலணாவுக்கு மேல் வைக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று முறை தோற்றவர் எழுந்து போய்விட வேண்டும். பண்ட பாத்திரம், நகை, பொருள் எதையும் பந்தயம் வைக்கக் கூடாது. கிடைக்கிற லாபத்தில் நாலில் ஒரு பங்கு ஊருணிக்கு. கிடைக்கிற லாபத்தில் நாலில் ஒரு பங்கு ஊருணிக்கு. எழுதி முடித்து மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். இதை டெல்லிக்கு அனுப்பினால் அப்படியே நாடு முழுவதற்கும் எடுத்துக்கொள்வார்கள் என்று மனமார நம்பினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கட்டைக்காரர் வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, ஒல்லியான, மதுரைப் பக்கத்து ஆள். தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பனங்காட்டில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனதும் என்னை யாரென்று நினைத்தாரோ, பெட்டியோடு ஓடத் தொடங்கினார். நான் விடாமல் துரத்தினேன்.

"ஓடாதீங்க! ஒங்களுக்கு அனுமதி குடுக்கத்தான் வாரேன்!"

அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஓடினார். கடைசியில் ஒரு வரப்புத் தடுக்கி விழுந்த பிறகுதான் அவரிடம் தீர்மானத்தை வாசித்துக் காட்ட முடிந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என்னிய உக்காருன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் ஐயா" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு பெரிய சீர்திருத்தவாதியாக என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் காலை கோயில் திடலில் நல்ல இடமாகப் பார்த்துப் பந்தல் போட்டோம். வாசலில் என் கையெழுத்தில் ஒரு பலகை: "பஞ்சாயத்து அனுமதி பெற்ற ஆட்டம்." அதன் கீழே ஒன்பது நிபந்தனைகள். பக்கத்தில் ஒரு நாற்காலி. மேற்பார்வைக்கு அதில் நான், தோளில் மடித்துப்போட்ட துண்டோடு.

ஓர் ஆள்கூட வரவில்லை.

பந்தலுக்கு முன்னால் வரை வருவார்கள். பலகையைப் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பார்கள். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பொரிகடலைக் கடைக்குப் போய்விடுவார்கள். பட்டப்பகலில், சொந்தக்காரர்கள் பார்க்க, மெம்பர் முன்னால் உட்கார்ந்து சூதாட எவனுக்கு மனம் வரும்? அதேநேரம் பனங்காட்டுக்குள் வேறு ஒருத்தன் துணி விரித்திருந்தான். அங்கே கூச்சல் கூரையைப் பிய்த்தது, கூரை இல்லாத இடத்திலும்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு போலீஸ்காரர் வந்தார். பலகையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை வாசித்தார்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"எழுத்து மணிமணியா இருக்கு" என்றார். ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனார். என் எழுத்தின் அழகுக்காகத்தான் எழுதிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

கட்டைக்காரர் சும்மா உட்கார்ந்து கட்டைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லக் கனைத்தார்.

"ஐயா, யாராச்சும் ஒரு பெரிய மனுசரு மொதல்ல கைய வச்சா, மத்தவுக கூச்சம் போயிரும்."

பெரிய மனுசர் என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்பதாவது நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டேன். மெம்பர் நாற்காலியில் இருக்கிறார், பொதுமக்களில் ஒருவனாக நான் கீழே உட்காருகிறேன். இதை வாய்விட்டு வேறு சொன்னேன். கட்டைக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார்.

கிரீடத்தில் ஓர் அணா வைத்தேன். கிரீடம் விழுந்தது. மறுபடி வைத்தேன். இரண்டு கிரீடம் விழுந்தது. உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது பாருங்கள், அதை எப்படிச் சொல்வது? முதல் மழைத் தண்ணீர் வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்குகிறபோது ஒரு சந்தோஷம் வருமே, அதுபோல. அன்றைக்கு நான் ஜெயித்தது அந்த இரண்டு தடவைதான்.

அதற்குப் பிறகு கிரீடம் என்னை மறந்துவிட்டது. நானும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் முதல் ஆள். ஆறு படத்தில் ஒன்று இத்தனை நேரம் விழாமல் இருந்தால் அடுத்த தடவை கட்டாயம் விழ வேண்டும் என்பது என் கணக்கு. கட்டைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து தோற்றேன். கூட்டம் சேர்ந்திருந்தது. அதில் ஒருவர் பலகையைப் பார்த்து உரக்க வாசித்தார்: "தொடர்ந்து மூன்று முறை தோற்றவர் எழுந்து போய்விட வேண்டும்."

"அது பொதுமக்களுக்கு!" என்றேன் நான்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான்தான் பொதுமக்கள் என்று சொல்லியிருந்ததைக் கூட்டம் மறக்கவில்லை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அதற்குள் சனங்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் எந்தப் படத்தில் வைக்கிறேனோ அது விழுவதில்லை. அப்படியானால் மற்றப் படங்களில் வைத்தால் போதுமே! பனங்காடு காலியானது. புதுமடத்துக் கடல்காரர்கள் நாலு பேர் வந்து நங்கூரத்தில் வைத்தார்கள். அவர்களுக்கு நங்கூரத்தைத் தவிர வேறு படத்தில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர் ஆட்களோ என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கை எங்கே இறங்குகிறதோ அங்கே வைத்திருந்த காசைப் பதறி எடுத்து வேறு படத்துக்கு மாற்றுவார்கள். "மெம்பரு, சீக்கிரம் வைங்க, நாங்க காத்துக்கிட்டிருக்கம்ல!" என்று அவசரப்படுத்தினார்கள். அவ்வளவு பேர் எனக்காகக் காத்திருந்தது அரசியல் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

வளையலும் இரும்புச் சட்டியும் வாங்க மனைவி கொடுத்த பணம் அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது. வீட்டுக்குப் போய், கடையில் நல்ல சட்டி வரவில்லை, நாளைக்கு வருமாம் என்றேன். அவள் பழைய சட்டியைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் சைக்கிள் போனது.

அதை நினைத்தால் இப்போதும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. விட்டதையெல்லாம் ஒரே வீச்சில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. கையில் வைக்க எதுவும் இல்லை. பந்தல் காலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் கண்ணில் பட்டது. கட்டைக்காரர் பதறினார்.

"வேணாம் ஐயா. பொருள் வைக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"எழுதுனவன் நான், எனக்குத் தெரியாதா? சைக்கிள் பொருள் இல்ல. வாகனம்."

வக்கீலாகியிருக்க வேண்டியவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன். நாலணா நிபந்தனை எங்கே போனது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பேன். சைக்கிள் கிரீடத்தின் மேல். கட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார்.

நங்கூரம். நங்கூரம். இஸ்பேட்.

கடல்காரர்கள் நாலு பேரும் துள்ளிக் குதித்தார்கள். பின்னாலிருந்து எவனோ சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தான். அந்தச் சத்தம் அவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி வாசலில் நின்றாள். நான் எதிர்பார்த்ததுபோல அழவில்லை, கத்தவும் இல்லை. "சாப்புட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் கேட்டாள்:

"எங்க அய்யா வந்து சைக்கிள் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீக?"

"தெரியல."

"ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் பேசுனீகளாம். இதுக்கு ஒரு வார்த்த வரல பாருங்க."

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மற்றதெல்லாம் ரோஷம்.

மூன்றாம் நாள் நான் பந்தல் பக்கம் போகவில்லை. என் கை இல்லாததால் எதில் வைப்பது என்று தெரியாமல் சனங்கள் திணறினார்களாம். சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். போனால் தலைவர் இருந்தார், அக்கா இருந்தார். சுவரில் என் சைக்கிள் சாய்ந்திருந்தது. கட்டைக்காரர் கைகட்டி நின்றார்.

"தாயி, மொத ரெண்டு நாளும் சனம் செயிச்சுருச்சு, இன்னைக்கு யாரும் சரியா ஆடல. மெம்பரய்யா வச்ச படத்த விட்டுட்டு மத்ததுல வச்சு எல்லாத்தையும் அள்ளிட்டாக. அய்யாகிட்ட வாங்குனதும் அதுலயே போயிருச்சு. எனக்கு மிஞ்சுனது இந்தச் சைக்கிளு ஒண்ணுதான்" என்றார் அக்காவிடம். "இதுல நாலுல ஒரு பங்கு எப்பிடிப் பிரிக்க? சக்கரத்தக் கழட்டியா குடுக்க முடியும்? முழுசா ஊருணிக்கே வச்சுக்கங்க. எனக்கு ஒரு ரசீது மட்டும் போதும். என் தொழிலுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் ரசீது குடுத்ததில்ல."

அவர் நினைத்திருந்தால் முந்தின நாளே அதில் ஏறி மதுரை போய்ச் சேர்ந்திருக்கலாம். மூன்று நாளில் அந்தப் பந்தலில் ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

பஞ்சாயத்தில் எழுதுகிற வேலை என்னுடையது. அக்கா ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க தம்பி" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. "சைக்கிள் ஒன்று, மணியுடன், நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டைக்காரர் அதை இரண்டாக மடித்துக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சைக்கிள் ஏலம். ஏலம் கூறுவதும் என் வேலைதான். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று என் சைக்கிளை நானே கூவினேன். குரல் எழும்பவில்லை. "சத்தமா சொல்லுலே, வெளிய கேக்கல" என்றார் தலைவர். நல்ல விலைக்கு அக்காவே எடுத்தார். மறுவாரம் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் "சைக்கிள் வாடகைக்கு" என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகையை எழுதித்தரச் சொல்லி என்னிடம்தான் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன்.

முதல் வாடிக்கையாளனும் நானே ஆக வேண்டிவந்தது. ராமநாதபுரத்து மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பஞ்சாயத்துக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்துச் சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், தீர்மானத்தை எழுதியவர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று. போலீஸ்காரர் என் எழுத்தை ரசித்த காரணம் அப்போதுதான் விளங்கியது. தலைவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "எழுதுனவருன்னுதான போட்டிருக்கு? நான் எழுதல" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். அக்காவிடம் ஒரு நாள் வாடகைக்குச் சைக்கிளை எடுத்தேன். "சேதாரம் இல்லாமக் கொண்டாங்க தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அதிகாரி வயதானவர். தீர்மானத்தை முழுக்க வாசித்தார். இடையிடையே என்னை நிமிர்ந்து பார்த்தார். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்த குதிரைப் பந்தய வாதத்தை எடுத்துவிட வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இதனால பஞ்சாயத்துக்கு என்ன வருமானம் வந்தது?"

"ஒரு சைக்கிள்ங்க ஐயா."

"சைக்கிளா? யாரோட சைக்கிள்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சன்னலுக்கு வெளியே அது நின்றுகொண்டிருந்தது.

"என்னோடதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்தார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவருக்கு நாம தனியா ஒண்ணும் தண்டனை குடுக்க வேண்டியதில்ல" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு, இனி இப்படி நடக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு தீர்மானத்தை ரத்து செய்தார். ரத்தான பிரதி ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள்.

ஏலப் பணத்தில் மண்வெட்டியும் கூடையும் வாங்கி, வெளியாள் சிலருக்குக் கூலி கொடுத்து வேலையைத் தொடங்கினோம். தொடங்கியதைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே இறங்கிவிட்டது. வரி கேட்டால் ஒளிந்துகொள்கிறவர்கள், மண் சுமக்கக் கூப்பிட்டால் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வந்தார்கள். இது முதலிலேயே எனக்குத் தெரிந்திருந்தால் தீர்மானமே தேவைப்பட்டிருக்காது. அந்த ஐப்பசியில் ஊருணி நிறைந்தது.

நிறைந்த அன்று சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். என் மாமனாரும் வந்திருந்தார். நான் கூட்டத்துக்குள் ஒளியப் பார்த்தேன். ஆனால் அவர் வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"மக எல்லாஞ் சொன்னா மாப்ள. ஊரு தண்ணி குடிக்கணும்னு சைக்கிளக் குடுத்துட்டீகளாம்ல. நான் குடுத்த சீரு இப்பிடி ஒரு நல்ல காரியத்துக்குப் போகும்னு நெனைக்கல."

மனைவியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அதோடு முடிந்ததா? மேடையில் தலைவர், ஊருணிக்குச் சைக்கிள் தானம் செய்த மெம்பர் என்று என்னை அழைத்து மாலை போட்டார். ஊர் முழுவதும் கை தட்டியது. புதுமடத்துக் கடல்காரர் ஒருவர் விசிலே அடித்தார். என்ன நடந்தது என்று அங்கே என் மாமனாரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். "பெரியோர்களே..." என்று தொடங்கியும் விட்டேன். தலைவர் கீழிருந்து என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருலே. ஒன் பேச்சக் கேட்டு ஒரு தடவ பட்டது போதும்."

உட்கார்ந்தேன். மாலையோடுதான் உட்கார்ந்தேன். அந்த வயதில் மாலையைக் கழற்றிப் போடும் அளவுக்கு எனக்கு நேர்மை இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஏன் ஒங்கய்யாகிட்ட அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "பின்ன, என் புருசன் கிரீடத்துல வச்சுத் தோத்தாருன்னா சொல்லச் சொல்றீக? தண்ணி கெடச்சுருச்சு, விடுங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானாக எடுத்தாலும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அடுத்த தேர்தலில் எனக்கு எதிராக மூன்று பேர் மனுக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த கடைசி இடத்தைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா தலைவரானார். அதற்குள் அவரிடம் ஆறு சைக்கிள்கள் சேர்ந்திருந்தன.

அறுபதுகளின் கடைசியில் சர்க்காரே லாட்டரிச் சீட்டு அச்சடித்து விற்கத் தொடங்கியது. பழைய தலைவர் என்னைக் கடைத்தெருவில் பிடித்து நிறுத்தி, "ஏலே, ரத்து பண்ணுன ஒன் தீர்மானத்த மெட்ராசுல எவனோ படிச்சுட்டான் போல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. அனுபவப்பட்டவன் என்ற முறையில், லாட்டரியை எப்படி ஒழுங்காக நடத்துவது என்று எட்டுப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினேன். பன்னிரண்டு நிபந்தனைகள். இரண்டு மாதம் கழித்து ஓர் அச்சடித்த அட்டை வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது.

மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பரிசீலனையிலதான இருக்கு?" என்றாள். "நீங்க எழுதுனபடி இன்னும் அவுக செய்யத் தொடங்கலல்ல?"

"தொடங்கல."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள்.